ஐந்து பெரியவர்களும் ஒரு பாராங் மீனும்

நாடு சுதந்திரம் பெற்று மெர்டேக்கா வந்த புதிதில் மலாக்காவில் எங்கள் சங்கம் ஓர் ஆய்விதழ் தொடங்கியது. நாடு சொந்தக் காலில் நிற்கிறது, இனி நாமும் ஆராய்ச்சி செய்தாக வேண்டும் என்று கூட்டத்தில் ஒருவர் பேசினார். மற்றவர்கள் கை தட்டினார்கள். இதழ் பிறந்துவிட்டது. ஆராய்ச்சி என்றால் என்ன என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே கூட்டம் கலைந்திருக்கும். எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

சங்கத் தலைவர் ஒரு டாக்டர். உஜோங் பாசிரில் கடலைப் பார்த்த வீடு, வாசலில் கார். தமிழில் எழுதிய எதையும் அவர் ஒரு பக்கத்துக்கு மேல் படித்து நான் பார்த்ததில்லை. இதழாசிரியர், நான் வேலை பார்த்த தமிழ்ப் பள்ளியின் தலைமையாசிரியர். பள்ளியிலும் அவர் சொன்னதுதான், சங்கத்திலும் அவர் சொன்னதுதான். இவர்களோடு ஒரு கான்ட்ராக்டர், ஒரு துணிக்கடை முதலாளி, பிறகு தலைமையாசிரியரின் மைத்துனர். மைத்துனர் என்ன தொழில் செய்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மைத்துனராக இருந்தார், அவ்வளவுதான்.

என்னைத் துணையாசிரியர் என்று போட்டார்கள். அச்சுப்படி திருத்துவது, தபால்தலை ஒட்டுவது, கூட்டம் நடக்கும் நாளில் பின்கட்டில் நின்று தேநீர் கலக்குவது எல்லாம் அந்தப் பதவியில் அடங்கும். சீனி குறைவு என்று டாக்டர் ஒரு தடவை என்னிடம் சொன்னார். என் எழுத்தைப் பற்றி அவர் சொன்னதைவிட அதில் விவரம் அதிகம்.

முதல் இதழுக்குக் கட்டுரை வேண்டும் என்றபோது ஐவரும் கூரையைப் பார்த்தார்கள். என்னிடம் ஒன்று தயாராக இருந்தது.

நான் அப்போது காஜா பெராங்கில் குடியிருந்தேன். பக்கத்து வீடுகள் மலாக்கா செட்டிகளுடையவை. பல தலைமுறைக்கு முன்னால் வணிகத்துக்கு வந்து இங்கேயே பெண் கட்டி இங்கேயே நின்றுவிட்டவர்கள். கோயிலுக்குப் போனால் நம் சாமிதான், நெற்றியில் திருநீறுதான். வாயைத் திறந்தால் மலாய். அதுவும் பாசார் கடைத்தெருவில் கேட்கும் மலாய் இல்லை, அவர்களுக்கே உரிய ஒரு மலாய், நடுவில் நம் சொல் ஒன்றிரண்டு எட்டிப் பார்க்கும். என் அடுத்த வீட்டில் ஒரு பெண் இருந்தாள், என்னைவிடச் சில வயது மூத்தவள், தையல் வேலை செய்பவள். நான் அவளைக் ‘காக்’ என்று கூப்பிடுவேன், மலாயில் அக்கா. அவள் என்னைச் ‘சிக்கு’ என்பாள், டீச்சர். எங்கள் நட்பு ஊசி நூலில் தொடங்கி அடுப்பங்கரை வரைக்கும் போயிருந்தது.

பொங்கலுக்கு முந்தின நாள் அவர்கள் வீட்டில் இறந்தவர்களுக்குப் படையல் போடுவார்கள். ‘பார்ச்சு’ என்று பெயர். வாழை இலை விரித்து, இருக்கும்போது அவரவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் வைத்து, சாம்பிராணி போட்டு, வீட்டார் எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொள்வார்கள். உள்ளே அவர்கள் சாப்பிடட்டும் என்று காத்திருப்பார்கள். நம் வீடுகளிலும் படையல் உண்டுதான், ஆனால் அங்கே இலையில் இருப்பது வேறு. தேங்காய்ப்பாலில் வடித்த சோறு, கோழிக்கறி, புளித்த இறால் விழுதில் மிளகாய் சேர்த்து இடித்த சம்பல் பெலாச்சான், நடுநாயகமாகப் பாராங் மீன். அந்த மீனை மஞ்சளும் தேங்காய்ப்பாலும் விட்டு வைப்பதற்குப் ‘பிண்டாங்’ என்று பெயர். காக்கின் அப்பா ஆற்றோரம் படகு வேலை செய்தவர். பாராங் மீன் இல்லாமல் ஒரு வேளை இறங்காது அந்த மனிதருக்கு.

வெளியாளை அந்த வேளையில் அவர்கள் வீட்டுக்குள் விடுவதில்லை. முதல் வருடம் எனக்கு வேலிக்கு மேலே சோறு மட்டும்தான் வந்தது. அடுத்த வருடம் சமைக்கும்போது கூடவே இருக்கிறேன், எழுதிக்கொள்கிறேன் என்று கேட்டேன். காக் இரண்டு நாள் யோசித்தாள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவள் அண்ணனுக்கு அந்த வருடம் வர முடியவில்லை. வந்திருந்தால் சம்மதித்திருக்க மாட்டார். கடைசியில் அவளே வந்து ஒரு நிபந்தனை சொன்னாள்.

“ஆப்பா லு தெங்கோ, இத்து லு துலிஸ்,” என்றாள். நீ எதைப் பார்த்தாயோ அதை எழுது.

சரி என்றேன். அதற்கு முன்னால் யாருக்கும் அப்படி வாக்குக் கொடுத்ததாக நினைவில்லை. அவள் தேங்காய் துருவுவதிலிருந்து கதவு சாத்துவது வரை பார்த்து எழுதினேன். எழுதியதை மலாயில் அவளுக்கே திருப்பிச் சொன்னேன். மீனுக்கு உப்பு போடும் நேரத்தை மட்டும் திருத்தினாள்.

கட்டுரையைத் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். வெளிநாட்டு இதழ்களில் கட்டுரையை அச்சுக்கு முன்னால் இரண்டு வல்லுநர்கள் படித்துக் கருத்துச் சொல்வார்கள் என்று அவர் எங்கேயோ கேள்விப்பட்டிருந்தார். நாமும் அப்படியே செய்வோம் என்று டாக்டரையும் தன் மைத்துனரையும் வல்லுநர்களாக நியமித்தார். டாக்டரிடமிருந்து கட்டுரை காப்பிக் கறையோடு திரும்பி வந்தது. ஓரத்தில் ‘குட்’ என்று எழுதியிருந்தார். மைத்துனர் எதுவும் எழுதவில்லை. ஒரு பக்கத்தைக் காணவில்லை. நான் மறுபடி எழுதிச் சேர்த்தேன்.

பிறகு பெயர் விஷயம் வந்தது. தலைமையாசிரியர் என்னைப் பள்ளி அலுவலகத்துக்குக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். கட்டுரையின் தலைப்புக்குக் கீழே முதலில் டாக்டர் பெயர். அடுத்துக் கான்ட்ராக்டர், அதற்கடுத்துத் துணிக்கடை முதலாளி, பிறகு தலைமையாசிரியர், பிறகு மைத்துனர். கடைசியில் ‘மற்றும்’ போட்டு என் பெயர்.

“இவங்கள்ளாம் எழுதலையே சார்,” என்றேன்.

“டீச்சர், கல்யாணப் பத்திரிகை அடிக்கிறோம். பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன் பேரெல்லாம் போடறோம். அவங்களா தாலி கட்டப் போறாங்க?”

“இது கல்யாணம் இல்ல சார்.”

“பெரியவங்க பேரு இல்லாம வந்தா மொட்டைக் கடுதாசி மாதிரி இருக்கும். டாக்டர் பேரு போட்டாதான் நாலு பேர் படிப்பான். உங்க பேரு இருக்குல்ல? வேற யாராவதா இருந்தா அதுவும் போட மாட்டாங்க லா.”

இதை அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதுதான் இன்னும் எனக்கு எரிச்சல். திருடுகிறவனுக்குத் திருடுகிறோம் என்றாவது தெரியும். இவருக்குத் தான் ஏதோ முறை செய்வதாக எண்ணம். இதழ் அச்சான இடமும் பொருத்தமாக அமைந்தது. டவுனில் அந்த அச்சகம் கல்யாணப் பத்திரிகைக்குப் பேர் போனது. என் கட்டுரையின் முதல் பக்கத்தைச் சுற்றி வாழை மரமும் குத்துவிளக்கும் போட்ட கரை வைத்து அடித்திருந்தார்கள். முகூர்த்த நேரம் மட்டும்தான் போடவில்லை.

பெயர் போனால் போகட்டும், உள்ளே இருப்பது நான் பார்த்தது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அச்சுப்படியை நானே திருத்தி அனுப்பினேன். அது அச்சகத்துக்குப் போகும் வழியில் தலைமையாசிரியர் வீட்டு மேசையில் இறங்கிப் போனது எனக்குத் தெரியாது.

வெளியீட்டு விழாவுக்குச் சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். சுதந்திர விழாவை ஒட்டி நாடு முழுக்கச் சொற்பொழிவாற்றிக்கொண்டிருந்தவர். மேடையில் ஐந்து கட்டுரையாசிரியர்களும் மாலையோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் பின்கட்டில் கொதிக்கும் தண்ணீரோடு நின்றிருந்தேன். இதழ்க்கட்டு அன்று மாலைதான் அச்சகத்திலிருந்து வந்திருந்தது, நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பேராசிரியர் பார்த்திருந்தார்.

“கடல் கடந்து வந்து, மொழியையும் மறந்துபோன ஒரு கூட்டம், முன்னோருக்குச் சுத்த சைவமாகப் படைக்கிறது என்பது மிக அரிய செய்தி,” என்றார் ஒலிபெருக்கியில். “வாழைக்காய்ப் பொரியல், உருளைக்கிழங்குக் கறி, தேங்காய்த் துவையல். என் அடுத்த நூலில் இதைக் கட்டாயம் எடுத்துக்காட்டுவேன்.”

கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டுக் கூடத்துக்கு ஓடி ஓர் இதழைப் பிரித்தேன். மீன் வாழைக்காயாகியிருந்தது. கோழி உருளைக்கிழங்காகியிருந்தது. சம்பல் பெலாச்சான் தேங்காய்த் துவையலாகியிருந்தது. பிண்டாங்கைக் ‘கூட்டு’ என்று போட்டிருந்தார்கள்.

பேராசிரியர் மேடையில் டாக்டரிடம் திரும்பி, “எந்த வீட்டில் பார்த்தீர்கள்?” என்று கேட்டார். நல்ல மனிதர், சும்மா ஆர்வமாகத்தான் கேட்டார். டாக்டர் கான்ட்ராக்டரைப் பார்த்தார். கான்ட்ராக்டர் துணிக்கடையைப் பார்த்தார். துணிக்கடை தலைமையாசிரியரைப் பார்த்தார். மைத்துனர் மாலையில் ஏதோ பூச்சியைத் தேடினார். இப்படித் திருதிருவென்று விழித்த ஐந்து ஆசிரியர்களை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

“என் பக்கத்து வீட்டுல,” என்றேன் கூடத்தின் கடைசியிலிருந்து. “இலையில இருந்தது மீன். வாழைக்காய் இல்ல.”

தலைமையாசிரியர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார். “டீச்சர் காலையிலேருந்து நின்னுக்கிட்டே இருக்காங்க. மயக்கமா இருக்கும்,” என்றார். சிலர் எனக்கு நாற்காலி கொண்டு வந்தார்கள்.

விழா முடிந்ததும் பேராசிரியரைத் தனியாகப் பிடித்து நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, “அச்சில் இருப்பதைத்தானே அம்மா நான் எடுத்தாள முடியும்? திருத்தம் அச்சில் வந்தால் எனக்கு அனுப்புங்கள்,” என்றார். படைத்த வீடு அந்த மண்டபத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்தது. வாருங்கள், கேட்டுப் பாருங்கள் என்றேன். நேரமில்லை என்றார். அவரும் அவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன்.

சில நாள் கழித்துக் காக் என் வாசலில் வந்து நின்றாள். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. கோயில் ஐயர் இதழைப் படித்துவிட்டு, உங்கள் வீட்டுப் படையலைப் பற்றிப் பெரிய டாக்டரே எழுதியிருக்கிறார், சைவமாம், ரொம்ப சந்தோஷம் என்று அவளைக் கூப்பிட்டுப் பாராட்டியிருக்கிறார். பக்கத்தில் நின்றவர்கள் கேட்டிருக்கிறார்கள். செய்தி சிங்கப்பூருக்குப் போய்விட்டது.

அண்ணன் வந்து கேட்டாராம், நான் வராத வருடம் அப்பாவுக்கு வாழைக்காயா போட்டாய் என்று. இல்லை என்றாளாம். பின்னே ஏன் அச்சில் வந்திருக்கிறது என்றாராம். அச்சில் வந்ததற்கு மேல் அவளால் என்ன சொல்ல முடியும்? வெளியாள் முன்னால் வைக்க வெட்கப்பட்டு மீனை எடுத்து மறைத்துவிட்டாய் என்றாராம். இனிப் படையல் சமைப்பது தன் மனைவியின் பொறுப்பு, நீ அடுப்பைத் தொடாதே என்று முடிவாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். அப்பா இறந்ததிலிருந்து அந்தச் சமையல் அவளுடையது. வேறு யாருக்கும் அந்தப் பிண்டாங்கின் பக்குவம் வராது என்று அந்த வீட்டுக்கே தெரியும்.

காக் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “சிக்கு, நீ மீனைப் பார்த்தாய்தானே?” என்று மலாயில் கேட்டாள். தான்தான் தப்பாக நினைக்கிறோமோ என்று சந்தேகம் வந்துவிட்டதுபோல் கேட்டாள். பார்த்தேன் என்றேன். அடுத்த இதழில் திருத்தம் வரும் என்று சொன்னேன். ஐயர் அதையும் படிப்பார் என்றேன்.

மறுநாள் பள்ளி விட்டதும் தலைமையாசிரியரிடம் போனேன்.

“ஏன் சார் மாத்தினீங்க?”

“நாடு இப்பதான் சுதந்திரம் வாங்கியிருக்கு டீச்சர். நாளைக்கு மத்த இனத்துக்காரங்க இதைப் படிச்சா நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க? செத்தவங்களுக்குக் கோழி, மீனு, பெலாச்சான்னு. கேக்கறதுக்கு நல்லாவா இருக்கு?”

மற்ற இனத்தவர் எத்தனை பேர் தமிழ் ஆய்விதழ் படிக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. தமிழர்களே படிக்கவில்லை. அதோடு இந்தச் சைவப் பற்றாளரை நான் ஒவ்வொரு ஞாயிறும் மீன் பாசாரில் பார்ப்பேன். செவுளைத் தூக்கிப் பார்த்து, பழையது என்று கடைக்காரரோடு சண்டை போட்டு, நல்ல கருப்பு வாவலாகப் பொறுக்கிக்கொண்டு போவார். சாப்பிடுவது ஒன்றும் கேவலமில்லை, அச்சில் வந்தால்தான் கேவலம்.

“பிழை திருத்தம் போடணும் சார்,” என்றேன்.

“பிழைன்னு போட்டா யாரு பிழைன்னு கேப்பாங்க.”

“நீங்கதான் மாத்தினீங்க.”

“நான் இதழாசிரியர். இதழாசிரியர் மொழியத் திருத்துவாரு. அது பிழையாகாது.”

“கட்டுரையாசிரியர்னு அஞ்சு பேரு இருக்காங்களே.”

“அது மரியாதைக்குப் போட்டது. டாக்டர் பேருல பிழைன்னு எப்படி லா போடறது? அவரு ஆஸ்பத்திரியில முகத்த எங்க வெச்சுக்குவாரு?” கொஞ்ச நேரம் மேசைமேல் தாளம் போட்டார். பிறகு அவருக்கு ஒரு வழி கிடைத்தது. முகமே மலர்ந்துவிட்டது. “பாத்தது யாரு? நீங்க. அப்ப தப்பாப் பாத்து எழுதினதும் நீங்கதான். அப்படிப் போட்டுக்கலாம். நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுங்க, நாளைக்கே அச்சுக்கு அனுப்பறேன்.”

அந்த அறையை விட்டு எழுந்து போயிருக்கலாம். வேறு பள்ளி தேடியிருக்கலாம், நாலு பேரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் ஐயர் படிப்பது அந்த இதழைத்தான். காக்கின் அண்ணன் நம்புவது அச்சை மட்டும்தான். பொங்கல் வந்துகொண்டிருந்தது.

“போடறேன்,” என்றேன். “ஆனா நான் சொல்றத அப்படியே போடணும். கோழி, பாராங் மீன், பிண்டாங், சம்பல் பெலாச்சான். எல்லாம் பேரோட வரணும்.”

“மத்ததெல்லாம் சரி. பெலாச்சான் வேணாம் டீச்சர். நாறும்.”

“பெலாச்சான் இல்லன்னா கையெழுத்தும் இல்ல.”

அரை மணி நேரம் எங்களுக்குள் பேச்சு அந்த நாற்றத்தைப் பற்றியே நடந்தது. ஓர் ஆய்விதழின் நேர்மை என்று ஏதாவது உண்டென்றால், எங்கள் இதழில் அது முழுவதும் அந்தப் பெலாச்சானில்தான் இருந்தது. கடைசியில் இறங்கி வந்தார். இந்தத் தடவை அச்சகத்துக்கு நானே தாளை எடுத்துப் போனேன். எழுத்துக் கோக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்து, மை காயாத அச்சுப்படியைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குக் கிளம்பினேன்.

அடுத்த இதழில் கடைசிப் பக்கத்தில், துணிக்கடை விளம்பரத்துக்கு மேலே அது வந்தது. சென்ற இதழில் வெளியான கட்டுரைக்குரிய தகவல்களைத் திரட்டியவர் கவனக்குறைவாகப் பிழைபடக் குறித்துவிட்டார் என்றும், அவருடன் எழுதிய பெருமக்களுக்கு அதில் பங்கில்லை என்றும் முதலில் இரண்டு வரி. அதன் பிறகு படையலில் உண்மையில் என்னென்ன இருந்தன என்று நான்கு வரி. கீழே என் பெயர். இந்தத் தடவை ‘மற்றும்’ இல்லை, எனக்கு முன்னால் யாரும் இல்லை. ஐந்து பேரும் ஒரே இரவில் கட்டுரையை விட்டு இறங்கிப் போய்விட்டார்கள்.

பள்ளியில் சக ஆசிரியைகள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். கவனக்குறைவான ஆள் என்று பெயர் நின்றுவிட்டது. அதன் பிறகு சங்கத்தில் எனக்குத் தேநீர் வேலை மட்டும்தான் வந்தது. நான் அதற்கும் போகவில்லை. பேராசிரியருக்கு ஒரு பிரதி அனுப்பினேன், பதில் இல்லை.

ஐயர் படித்தார். கோயிலில் வைத்தே, பொங்கலுக்கு வந்திருந்த அண்ணனையும் நிற்க வைத்துக்கொண்டு, மலாயில் சொன்னார். பெலாச்சான் வரை சொன்னார். பொங்கலுக்கு முந்தின நாள் காலையில் பாராங் மீனை அண்ணனே வாங்கி வந்து தங்கையின் அடுப்பங்கரையில் வைத்திருக்கிறார். என் பெயரைக் கெடுத்துத்தான் அது நடந்தது என்று காக்குக்கு நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குச் சமைக்கக் கை வந்திருக்காது.

அந்த மாதக் கடைசியில் டாக்டரைப் பாசாரில் பார்த்தேன். காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, பக்கத்தில் கூப்பிட்டார். கோபமாக இல்லை, ஒரு நோயாளியிடம் பேசுவதுபோல் மென்மையாகத்தான் பேசினார்.

“நடந்தது நடந்துருச்சும்மா, மனசுல வெச்சுக்காத. ஆனா இனிமே எழுதறப்ப பாத்து எழுதணும். எங்க பேரும் அதுல இருக்குல்ல.”